அக்கரையில் நின்ற ஆடு

"படம் போட்டவரே, சினை ஆட்டை வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, நீர் பாட்டுக்குக் கதையை முடித்துவிட்டீரே. நீரெல்லாம் ஒரு மனுஷனா?"

கடிதத்தை இதுவரைக்கும் வாசித்துவிட்டு ரெபேக்காள் நிமிர்ந்தாள்.

"யாரைத் திட்டுறாங்க?" என்றான் பிச்சைக்கனி.

"பேரு இல்ல. படம் போட்டவரேன்னுதான் இருக்கு. யாரா இருக்கும்?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது ரெபேக்காளின் அறை. படக்கதைகளில் பேச்சுக் குமிழிக்குள் எழுத்து எழுதுகிற வேலை. நாற்பது வயது ஆகவில்லை. ஆனால் பிச்சைக்கனிக்குக் கோடு இழுக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

அன்று அவன் படக்கதையையே விட்டுவிடுவதாகச் சொல்ல வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளக்ஸ் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான்.

"முன்னாடியெல்லாம் படம் போட்டா பசி தெரியாதுக்கா. இப்ப நாலு கட்டம் முடிக்கதுக்குள்ள நாப்பது தடவை மணி பாக்கேன். அந்தச் சந்தோசம் எங்க போச்சு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

"இந்தக் கடிதாசிக்குப் பதில் எழுதிட்டுப் போ."

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"ஆட்டு வியாபாரிடே. சிக்கந்தர்னு கையெழுத்து. மகளுக்கு வாங்குன புத்தகத்தை இவரு படிச்சிருக்காரு. பதில் போடாம இருக்க முடியுமா?"

அவள் புத்தகத்தை விரித்தாள். அண்ணன் தம்பி ஐந்து பேர் வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கிற கதை. ஆறாம் பக்கத்தில் ஐவரும் மூட்டை கட்டுகிறார்கள்; பக்கத்தில் ஓர் ஆடு. எட்டாம் பக்கத்தில் படகு கிளம்புகிறது. ஆடு கரையில் நிற்கிறது. ஒன்பதாம் பக்கத்திலிருந்து ஆட்டைக் காணோம்.

"எழுதிக் குடுத்த கதையில ஆடு உண்டா?"

"இல்லக்கா. நானாத்தான் போட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. போடணும்னு தோணுச்சு, போட்டேன்."

"பெறகு?"

"முதலாளி பாத்துட்டுச் சத்தம் போட்டாரு. எழுத்துல இல்லாததை எதுக்குலே போடுதன்னு. அதோட விட்டுட்டேன். போட்டதை அழிக்கச் சோம்பல்."

கட்டம் கட்டமாகப் படம் போடுகிறவனுக்கு இது முதல் பாடம். ஒரு கட்டத்தில் வந்ததை அடுத்த கட்டத்தில் வாசிக்கிறவன் தேடுவான். பிச்சைக்கனிக்குத் தெரியாததல்ல.

"சினைன்னு வேற எழுதியிருக்காரே?"

"தொப்பை நல்லாருக்கேன்னு போட்டேன்."

"நாலு மாசம்னு சொல்லுதாரு. அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது."

அவன் ஒரு தாளை இழுத்தான். 'ஐயா, தவறு நேர்ந்துவிட்டது. மன்னிக்கவும்' என்று எழுதி நீட்டினான். அவள் வாசித்தாள். நாலாகக் கிழித்தாள்.

"ஆடு வந்துச்சா?"

"அக்கா!"

"ஆடு வந்துச்சான்னு கேட்டேன்."

"சரி, ஒரு படம் போட்டுத் தாரேன். ஆடு இக்கரையில நிக்கிற மாதிரி. அனுப்பிருங்க."

"எப்படி வந்துச்சு?"

"நீந்தி."

"சினையாடு, இம்புட்டு வெள்ளத்துல? அந்த மனுசன் சந்தையில நாள் பூரா ஆட்டையே பாக்கிறவரு. யாரை ஏமாத்துத?"

"அப்போ ரெண்டு படம்."

"அவுத்துவிட்டது யாரு?"

"கட்டியிருக்குன்னு யாரு சொன்னா?"

அவள் எட்டாம் பக்கத்தில் விரலை வைத்தாள். ஆட்டின் கழுத்தில் கயிறு. கயிற்றின் மறுமுனை பனைமரத்தில். அவன் போட்டதுதான். குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தான்.

"மூணு."

"முடிச்சு கெட்டியா விழுந்திருக்கு. ஆட்டுக்கு விரல் இருக்கா?"

"அஞ்சு! அதுக்கு மேல ஒரு கோடு இழுக்க மாட்டேன்!" கத்தியே விட்டான்.

"உன் கணக்கை நீயே வச்சுக்க. பேனாவை எடு."

முதல் தாளைக் கசக்கி எறிந்தான். இரண்டாவதையும் எறிந்தான். மூன்றாவதில் ஆடு கயிற்றைக் கடித்தது. நார் நாராகப் பிரிந்து கயிறு அறுந்தது. ஆற்றில் ஒரு வீட்டின் ஓலைக்கூரை மிதந்து வந்தது. ஆடு அதில் தாவி ஏறியது. நடு ஆற்றில் அதற்குப் பசி எடுத்தது. ஏறி நின்ற கூரையையே தின்னத் தொடங்கியது.

பிச்சைக்கனி தனியாகச் சிரித்தான். ரெபேக்காள் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்போன் அடித்தது. பிளக்ஸ் கடைக்காரர்.

"அண்ணாச்சி, ஆடு கழுத்தளவு தண்ணியில நிக்குது. வைங்க."

தரையெல்லாம் தாள் காய்ந்துகொண்டிருந்தது. பதினோரு தாள். அவன் கால் வைக்க இடமில்லாமல் நின்றான். விரல் எல்லாம் மை. மறுபடி தவிப்பு வந்துவிட்டது. இந்தத் தவிப்பில் அவன் மணி பார்க்கவில்லை.

"அக்கா, கரை ஏறிட்டு. ஆனா அந்த அஞ்சு பேரும் எப்பவோ போயிட்டானுவ. ஆள் நடமாட்டமே இல்ல. மழை வேற விடல. அதுக்கு வயித்து வலி கண்டுட்டு. இப்ப நான் என்ன செய்ய?"

ரெபேக்காள் பேனாவை மையில் தொட்டாள்.

"என்னைக் கேட்டா? விட்டுட்டு வந்தவன் நீ. போ, அதை வீட்டுல கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வா."