பன்னிரண்டு மணிக்குள் அனுப்பவும்

எச்.டி.எம்.எல் மொழியில் வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொள்ள வந்த தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு வயது. கற்றுக்கொடுத்த பிலோமினாவுக்கு முப்பத்தொன்று. குருவுக்கு வயது எதற்கு? அவள் மேஜையில் மவுஸே கிடையாது, எல்லாம் கீபோர்டில்தான். அது குருவின் பவிசு என்று ஆபீசில் பேச்சு.

அன்று காலை ஒன்பது மணிக்கு தணிகாசலம் செய்த முதல் பக்கம் ஓடத் தொடங்கியது. விடுமுறை கேட்கும் படிவம். மறுநாள் லீவு வேண்டுமென்றால் பகல் பன்னிரண்டுக்குள் அதில் அனுப்பிவிட வேண்டும்.

பதினொன்றரைக்கு அவர் கேட்டார்.

“மேடம், எச்.டி.எம்.எல்-ல பட்டன் வைக்க நாலு வழி இருக்கு. பட்டன் டேக், இன்புட் டேக். லிங்க்குக்குப் பட்டன் வேஷம் போடலாம். இல்லேன்னா வெறும் டிவ் பெட்டிக்குக் கலரடிச்சு, கிளிக் பண்ணா ஓடுற மாதிரி எழுதிடலாம். கண்ணுக்கு நாலும் ஒண்ணுதான். எது சரி?”

“நீங்க எதை வெச்சிருக்கீங்க?”

“டிவ். அதுதான் சொன்ன பேச்சைக் கேக்குது. கலரைப் பாருங்க!”

“அழகா இருக்கு சார். உங்க லீவு போட்டாச்சா?”

போடவில்லை. நாளைக்குத் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். போகாவிட்டால் தங்கை ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

பிலோமினா அவருடைய மவுஸைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“இப்போ போடுங்க.”

“வெறுங்கையில முழம் போடச் சொல்றீங்களே!”

“கீபோர்டு இருக்கே.”

டேப் கீயைத் தட்டினார். பெயர், தேதி, காரணம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கர்சர் நின்றது. எழுதினார். மறுபடி தட்டினார். ‘அனுப்பு’ என்ற பச்சைப் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் அது பக்கத்தின் உச்சிக்கே போய்விட்டது. மூன்று சுற்று சுற்றினார். என்டரைக் குத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மணி பதினொன்று நாற்பது.

வியர்த்துவிட்டது அவருக்கு. டிவ்வை எடுத்துவிட்டு லிங்க்கைப் போட்டார். டேப் அதில் நின்றது. ஸ்பேஸ் பாரைத் தட்டினார். பக்கம் கீழே ஓடியது.

“லிங்க், இன்னொரு பக்கத்துக்குப் போறதுக்கு. நீங்க எங்க போறீங்க? லீவுதானே கேக்குறீங்க.”

“அப்போ இன்புட்?”

“மேல எழுத்து மட்டும் போதும்னா அது போதும்.”

“எனக்கு டிக் படமும் வேணும் மேடம்.”

அவரே பட்டன் டேக்கைப் போட்டார். பச்சை பாதி போயிற்று. அதைப் பார்க்க நேரமில்லை. டேப் நின்றது. ஸ்பேஸ் பாரைத் தட்டினார்.

‘விண்ணப்பம் வந்து சேர்ந்தது.’

மணி பதினொன்று ஐம்பத்தொன்று.

“அப்பாடா!” என்றார். கொஞ்சம் கோபமும் இருந்தது. “இருந்தாலும் மேடம், மவுஸைத் தொடாம இங்க யாரு லீவு போடப்போறா?”

பிலோமினா அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதன்மேல் வைத்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளில் மவுஸ் ஒரு இடத்தில் நிற்காது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“கொஞ்சம் நகருங்க சார்,” என்றாள். “ஒன்பது மணியிலேருந்து என் லீவு நிக்குது.”