கை நழுவாத திருடர்கள்

இயக்குநர் இசக்கிராஜ் தன் குருவின் எடிட்டிங் அறைக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தான்.

குரு அமலோற்பவம். தமிழ்ப் படங்களை வெட்டி ஒட்டியே தலை நரைத்தவர். அவரிடம் உதவியாளனாகத் திட்டு வாங்கித்தான் இசக்கி தொழில் கற்றான்.

“ஜனங்களுக்கு ரசனையே கிடையாதுக்கா! ஆறு ஹீரோவை வச்சுக் கொள்ளைப் படம் எடுத்திருக்கேன். ப்ரிவ்யூ பார்த்தவனெல்லாம் கோட்டு சூப்பர், மியூசிக் சூப்பர்னு கையைக் குலுக்கிட்டுப் போறான். படம் எப்படின்னு ஒருத்தனும் வாயைத் திறக்கல. சாயங்காலம் தியேட்டருக்கு அனுப்பியாகணும். இதுவும் விழுந்துட்டா எவனும் எனக்குப் படம் தர மாட்டான். என்னதான் குறை இதுல?”

“முதல்ல செருப்பைக் கழற்று. அப்புறம் படத்தைப் போடு.”

போட்டான். கோட்டு போட்ட ஆறு பேர் மழையில் இறங்கி நடந்தார்கள். மெதுவாக, மிக மெதுவாக.

“திருடப் போறவன் எதுக்குடா மாப்பிள்ளை ஊர்வலம் போறான்?”

“ஸ்டைலுக்குத்தான்க்கா!”

“ம்.”

அடகுக்கடையின் பெட்டக அறை வந்தது. பேச்சே இல்லை. ஆறு பேரும் கண்ணாலேயே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அமலோற்பவம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது பிரமாதம். நானா இருந்தாலும் இந்த இடத்துல கத்திரியைத் தொட்டிருக்க மாட்டேன்.”

இசக்கியின் முகம் மலர்ந்தது. பெட்டகத்தின் கதவு லேசாக அசைந்தது. அந்த நேரம் பார்த்துப் படத்தை நிறுத்தினார் குரு.

“போய் டீ குடிச்சிட்டு வா.”

போனான். ஒரு வடையும் தின்றுவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தான்.

“வெட்டிப் போட்ட துண்டும் கையில இருக்கா? இதே பெட்டக அறைக் காட்சியில எதை வெட்டினியோ, அதைப் போடு.”

தயங்கித்தான் போட்டான். கூட்டத்தின் தலைவனாக நடித்த ஜெயதேவ் பூட்டில் சாவியை நுழைக்கிறான். விரல் நழுவுகிறது. சாவி தரையில் விழுந்து கணீரென்கிறது. வெளியே நடந்துகொண்டிருந்த காவலாளியின் காலடிச் சத்தம் நிற்கிறது. ஆறு பேரும் மூச்சை அடக்குகிறார்கள்.

நிறுத்தினார்.

“போய் டீ குடிச்சிட்டு வா.”

“இருங்கக்கா, அவன் உள்ள வந்துடப் போறான்...”

சொன்ன பிறகுதான், தான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டது இசக்கிக்கே தெரிந்தது.

“படத்தை எடுத்தவனே நீதானே? வருவானா மாட்டானான்னு உனக்குத் தெரியாதா?” குருவின் குரல் எகிறியது. “இதை ஏண்டா வெட்டினே?”

“ஜெயதேவ் சார்தான் தூக்கச் சொன்னார். அவர் கையில இருந்து சாவி விழுந்தா ரசிகன் தாங்க மாட்டானாம். சரி, வேற யார் கையிலிருந்தாவது விழட்டும்னு மத்த அஞ்சு பேர்கிட்டயும் கெஞ்சினேன். ஒருத்தரும் சம்மதிக்கல.”

“ஆறு பேர்ல ஒருத்தன் கையும் நழுவாதாம்! அப்புறம் எதுக்குடா கொள்ளை? பந்தி பரிமாறுற மாதிரியே எடுத்திருக்கலாமே. அங்கேகூட சாம்பார் சிந்தும்டா, மடையா!”

இசக்கி தலையைக் குனிந்துகொண்டான்.

“அதை உள்ள சேர்.”

“அவர்கிட்ட சொல்லாம எப்படிக்கா?”

“சொல்லாம சேர்க்கச் சொன்னேனா? சொல்லிட்டுச் சேர். சண்டை போடு. பேரம் பேசு. உன் படம்டா அது!”

“இனிமே அவர் என் படத்துல நடிக்கத் தேதியே தர மாட்டார். மத்தவங்களையும் தர விடமாட்டார்.”

“அதனால?”

இசக்கி போனை எடுத்தான்; மேசையிலேயே திரும்ப வைத்தான்.

“பயமா இருக்குக்கா.”

அமலோற்பவம் போனை அவன் பக்கம் தள்ளினார்.

“அப்பாடா! இந்தப் படத்துல இப்பவாவது ஒருத்தன் பயந்தானே. கூப்பிடு அவரை.”