மயில் தலைவரின் நீளமான வருஷம்

முல்லைக்காட்டுக் குளத்தில் தலைவர் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கலாம். அது அந்தக் காட்டின் வழக்கம்.

முன்பு ஒரு கரடி சாகும்வரை தலைவராக இருந்தது. வயதாக ஆக, அது தூங்கி எழவே உச்சிவேளை ஆகிவிடும். அதுவரை யானை முதல் எலி வரை கரையில் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்க வேண்டும். கரடி போய்ச் சேர்ந்த மறுநாளே எல்லோரும் கூடிச் சட்டம் போட்டார்கள். இனி யாராக இருந்தாலும் இரண்டே வருஷம்தான். வருஷத்தை எப்படி எண்ணுவது? மயிலுக்கு வருஷம் ஒருமுறை தோகை உதிரும். இரண்டாம் முறை உதிர்ந்ததும் தலைவர் இறங்கிவிட வேண்டும்.

நல்ல சட்டம். நரி இறங்கியது. யானைகூட முனகிக்கொண்டே இறங்கியது. அப்புறம் அந்தப் புத்திசாலிகள் யாரைத் தலைவராக்கினார்கள் தெரியுமா? மயிலையே!

மயிலின் பெயர் மகுடேசன். அவன் மனைவி வஞ்சிக்கொடி அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். கடிகாரத்தைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தால் அது மணி அடிக்குமா?

அடிக்கவில்லை. இரண்டாம் முறை தோகை உதிர்ந்ததும் மகுடேசன் இறகுகளை வாரிக்கொண்டு புதருக்குள் ஓடி வந்தான்.

"வஞ்சி, கருவேலம் பிசின் கொண்டு வா. இதையெல்லாம் ஒட்டணும். நான் இறங்கிட்டா இந்தக் காட்டை யார் பார்த்துக்குவா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி யார் பார்த்துக்கிட்டாங்களோ, அவங்கதான்" என்றாள் வஞ்சி.

என்றாலும் கட்டின பாவத்துக்கு ஒட்டினாள். இரண்டு இறகு தலைகீழாகப் போயிற்று.

மறுநாள்தான் வில்லங்கம் தெரிந்தது. குனிந்தால் தோகை சரிகிறது. தண்ணீர் பட்டால் பிசின் இளகுகிறது. தலைவருக்குத் தாகமில்லை என்று அறிவித்துவிட்டு, மகுடேசன் திருட்டுத்தனமாகப் புல்நுனிப் பனியை நக்கிக்கொண்டான். தலைவர் குடிக்காததால் காடே குடிக்கவில்லை.

இரண்டாம் நாள் காட்டெருமை வந்து, தோகை இன்னும் உதிரவில்லையா என்று பணிவாகக் கேட்டது.

"இந்த வருஷம் கொஞ்சம் நீளமான வருஷம்" என்றான் மகுடேசன்.

அதுதான் வெயில் இவ்வளவு நாள் அடிக்கிறது போல என்று தலையாட்டியது குரங்கு. அதுவும் ஒரு பிறவி.

மூன்றாம் நாள் வஞ்சியின் குஞ்சுகள் மூன்றும் கரையில் அலகைத் திறந்தபடி சுருண்டு கிடந்தன. ஒரு வாய் குடித்துவிட்டு வரச் சொல்லி வஞ்சி மகுடேசனிடம் கெஞ்சினாள்.

"நாட்டுக்காக வீடு கொஞ்சம் பொறுத்துக்கணும், வஞ்சி."

வஞ்சி அதற்குமேல் கெஞ்சவில்லை. அண்ணாந்து பார்த்தாள். மேற்கே கருகருவென்று மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"மழை வரப்போகுது. தலைவர் ஒரு ஆட்டம் ஆடினா நல்லாயிருக்கும்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

"இன்னிக்கு வேண்டாம்."

"அதுவும் சரிதான். வயசாச்சு. பக்கத்துக் காட்டு மயில்தான் இப்ப பிரமாதமா ஆடுதாம்."

அவ்வளவுதான். மகுடேசன் பாறைமேல் தாவி, தோகையை விரித்து, ஒரு சிலுப்பு சிலுப்பினான். ஒரு இறகு குரங்கின் தலையில் குத்தி நின்றது. ஒன்று காட்டெருமையின் மூக்கில் நுழைந்தது. காட்டெருமை போட்ட தும்மலில் மிச்சமெல்லாம் பறந்தன! பாறைமேல் உரித்த கோழி மாதிரி ஒரு தலைவர் நின்றார்.

காடு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த வேகத்திலேயே எல்லோரும் தண்ணீரில் குதித்தார்கள். முதல் வாய் குடித்தவை வஞ்சியின் குஞ்சுகள். தலைவர் முதலில் குடிக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இறங்குங்க" என்றாள் வஞ்சி. "ஒட்டினது நான். பாதிச் சிரிப்பு எனக்கும்தான்."

அடுத்த தலைவர் முள்ளம்பன்றி. தலைவர் உடம்பிலிருக்கும் எதையும் கணக்குக்கு வைக்கக் கூடாது என்று வஞ்சி பிடிவாதமாகச் சொன்னாள். கரையோர வாகைமரம் இரண்டு முறை பூக்கும்வரை என்று முடிவாயிற்று. முள்ளம்பன்றி மரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மொட்டைக் கிள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டது. வஞ்சி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டது.

இறங்க வேண்டிய நாளில் இறங்குகிறவருக்கு மரியாதை மிஞ்சும். ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஊர் சிரிப்புதான் மிஞ்சும்.