வராத துண்டு

"கொள்கை பெருசா, சோடி பெருசாம்மா?"

மாசிலாமணி இப்படிக் கேட்டபோது நடுப்பலகையம்மா நாடாளுமன்றக் கேண்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க," என்றார்.

மாசிலாமணி உட்காரவில்லை.

புன்னை நாட்டு நாடாளுமன்றத்தில் இடது பக்கம் ஏர்க் கட்சி, வலது பக்கம் வேலிக் கட்சி. நிலமும் நீரும் எல்லாருக்கும் பொது என்பது ஏரின் கொள்கை. வேலி இல்லாததைக் காப்பாற்ற ஆளும் இருக்காது என்பது வேலியின் கொள்கை. பின்வரிசையில் படகுக் கட்சி என்று ஒன்றும் உண்டு. அதன் கொள்கையை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு பலகை கிடக்கும். அதில் உட்காருகிறவருக்குக் கட்சியும் கிடையாது, ஓட்டும் கிடையாது. சட்டத்தில் சந்தேகம் வந்தால் சபாநாயகரைக் கேட்பார்கள். மனசில் சந்தேகம் வந்தால் நடுப்பலகையைக் கேட்பார்கள்.

இப்போது அங்கே இருப்பவர் திலகவதி. முன்பு மாட்டு டாக்டராக இருந்தவர். மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர். அதனால் என்ன, அவர் முன்னால் மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

"சோடிக்கு என்ன?" என்று கேட்டார் திலகவதி.

"ஆஸ்பத்திரியில கிடக்கான். நேத்து படியிறங்கும்போது மயங்கி விழுந்துட்டான். நெஞ்சுவலி."

சோடி என்பது அந்தச் சபையின் வழக்கம். ஒவ்வொரு கூட்டத்தொடரும் தொடங்குகிற நாளில் ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்தில் ஒருவரைச் சோடி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் தன் கட்சித் துண்டைச் சோடிக்கு அனுப்பிவைப்பார். சோடி அதைத் தன் இருக்கையில் விரித்துவிட்டு வெளியே போய்விடுவார். இங்கே ஒரு ஓட்டுக் குறைந்தால் அங்கேயும் ஒன்று குறையும். படுக்கையில் கிடப்பவனைத் தோற்கடித்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் மீறியதில்லை.

மாசிலாமணி ஏர்க் கட்சி. அவருடைய சோடி ஐயாக்கண்ணு வேலிக் கட்சி. எதிரும் புதிருமாக உட்கார்ந்து காலமெல்லாம் ஒருவரை ஒருவர் திட்டியே தலை நரைத்தவர்கள்.

"துண்டு வந்ததா?"

"வரலைம்மா."

"வரலைன்னா ஓட்டுப் போடலாமே."

"எங்க ஆளுங்களும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா அவன் படுத்துக் கிடக்கிறது எனக்குத் தெரியுமே. சோறு இறங்கலை."

அன்று மாலை பொதுக்குளச் சட்டம் ஓட்டுக்கு வருகிறது. மாசிலாமணி உள்ளே இருந்தால் அது ஒரு ஓட்டில் ஜெயிக்கும். வெளியே போனால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். சமமாக நின்றால் சட்டம் விழுந்துவிடும்.

அவருடைய ஊர்க் குளத்துக்கு முள்கம்பி போட்ட வருஷம், அவர் தங்கை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் தண்ணீருக்கு நடந்தாள். அந்த ஆத்திரத்தில் கட்சியில் சேர்ந்தவர் மாசிலாமணி. இந்த ஒரு சட்டத்துக்காகத்தான் இந்த வயதிலும் வீட்டோடு இருக்காமல் சபைக்கு வந்துகொண்டிருக்கிறார்.

திலகவதி போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"துண்டு வரலைன்னா நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

"வாங்கிட்டு வந்தா சட்டம் விழுந்துருமேம்மா."

திலகவதி சாப்பாட்டு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

*

ஐயாக்கண்ணு மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அவருடைய ஊதாத் துண்டு மடித்துத் தலைக்கு அடியில் இருந்தது.

"வந்துட்டியா," என்றார். "வேலியே பயிரை மேயுதுன்னு மேடைக்கு மேடை பேசுவியே. பாரு, வேலி சாஞ்சு கிடக்கு."

"வாயை மூடு. உனக்கு மூச்சு வாங்குது."

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"துண்டை ஏன் அனுப்பலை?"

"அனுப்பலை."

"அதான் ஏன்னு கேட்கறேன்."

"உன் சட்டம் தப்பு. குளத்தைப் பொதுன்னு விட்டா எவன் தூர் வாருவான்?"

"வேலி போட்டவன் வாரினானா?"

"அதை நீ சபையில கேட்கணும். நான் எழுந்து பதில் சொல்லணும். நின்னு தோக்கடிக்கிறவன்டா நான். படுத்துக்கிட்டே தோக்கடிச்சேன்னு எனக்குப் பேர் வேண்டாம். போ, போய் ஜெயி. எழுந்து வந்து அந்தச் சட்டத்தை ரத்து பண்ணிக்கிறேன்."

மாசிலாமணி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்க தலைவர் சும்மாவா விட்டார்?"

"எங்கே விட்டான். விடாம போன் அடிச்சான். துண்டு அனுப்பியாச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அடங்கினான்."

மாசிலாமணி திரும்பினார்.

"அனுப்பியாச்சுன்னா சொன்னே?"

"ஆமா."

"அப்போ நான் போய் ஓட்டுப் போட்டா, வந்த துண்டை என்ன பண்ணினேன்னு கேட்க மாட்டாங்களா?"

அந்த நாட்டில் லஞ்சம் வாங்கியவனைக்கூட அடுத்த தேர்தலில் மன்னித்துவிடுவார்கள். துண்டை மறைத்தவன் என்ற பேரை மட்டும் அதுவரை யாரும் வாங்கியதில்லை.

"அதை நான் யோசிக்கலைடா."

"நீ என்னைக்கு யோசிச்சே."

"நான் அனுப்பவே இல்லைன்னு சொல்லிடு."

"சொன்னா உன்னைக் கட்சியை விட்டே தூக்கிருவாங்க."

ஐயாக்கண்ணு அதை மறுக்கவில்லை. "தூக்கிட்டா இந்த வயசுல நான் எந்த வேலிக்குள்ள போய் உட்காருவேன்," என்று மெதுவாகச் சொன்னார்.

நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் ஐயாக்கண்ணு தலையைத் தூக்கித் துண்டை உருவினார்.

"இந்தா. கொண்டுபோய் விரிச்சிரு. உன் குளம் போனாலும் உன் பேர் மிஞ்சும்."

மாசிலாமணி வாங்கிக்கொண்டார். துண்டில் இன்னும் சூடு இருந்தது. இதைக் கொண்டுபோனால் போதும். யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. வழக்கமும் நிற்கும், மானமும் நிற்கும். கம்பிவேலியும் அப்படியே நிற்கும்.

வெகுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பழையபடி மடித்தார். ஐயாக்கண்ணுவின் தலையைத் தாங்கித் தூக்கி அடியில் வைத்தார்.

"கழுத்து வலிக்கும். வெச்சுக்க."

"டேய்."

"தூங்கு."

*

பெயர் கூப்பிட்டார்கள். மாசிலாமணி எழுந்து, "ஆதரிக்கிறேன்," என்றார்.

வேலி வரிசை மொத்தமும் எழுந்தது.

"துண்டு எங்கே?" என்று கேட்டார் வேலிக் கட்சித் தலைவர். "அனுப்பியாச்சுன்னு ஐயாக்கண்ணு அவர் வாயால என்கிட்ட சொன்னார். எங்கே அது?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. மாசிலாமணி தன் தோளில் கிடந்த பச்சைத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

துண்டை மறைத்தவன் என்று யாரோ ஒருவர் சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

சட்டம் ஒரு ஓட்டில் நிறைவேறியது. ஏர்க் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மாசிலாமணியை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அவருடைய ஓட்டு வேண்டியிருந்தது, அவர் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வராந்தா பெஞ்சில் திலகவதி உட்கார்ந்திருந்தார்.

"துண்டு?"

"வாங்கிட்டு வரலைம்மா."

திலகவதி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்னு கேட்க மாட்டீங்களா?"

திலகவதி நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார். மாசிலாமணி உட்கார்ந்தார். பச்சைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை திலகவதி எழுந்து போகவில்லை.

*

மழைக்கு முன்னால் குளத்துக் கம்பிவேலியைப் பிடுங்கினார்கள். மாசிலாமணி ஊருக்குப் போனபோது தங்கை குளத்துத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஊர்ல என்னென்னமோ பேசறாங்கண்ணே. துண்டை நீ மறைச்சியா?"

மாசிலாமணி செம்பை அண்ணாந்து குடித்து முடித்தார்.

"தண்ணி நல்லா இருக்கு," என்றார்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

*

அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாள். சபை நடுவில் எல்லாரும் சோடி சேர்ந்து நின்றார்கள். மாசிலாமணி மட்டும் தனியாக நின்றார். எல்லாக் காற்றுக்கும் ஈடுகொடுக்கிற படகுக் கட்சிக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவு திறந்தது. ஐயாக்கண்ணு தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஊதாத் துண்டு தோளில் நிற்காமல் சரிந்தது. நேராக வந்து மாசிலாமணி பக்கத்தில் நின்றார்.

"என் சோடி இவன்தான்."

சபை உருகிப்போனது. துரோகம் பண்ணியவனையே சேர்த்துக்கொள்கிறாரே, என்ன மனசு, என்ன மனசு என்றார்கள். வேலிக் கட்சித் தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

வசவென்றால் ஐயாக்கண்ணு தாங்கியிருப்பார். இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. தடியைத் தரையில் தட்டினார்.

"நிறுத்துங்கய்யா. நான் துண்டை அனுப்பவே இல்லை. அனுப்பினேன்னு பொய் சொன்னேன்."

தலைவரின் கைக்குட்டை கண்ணோடு நின்றது.

"மருந்து மயக்கத்துல உளறுறான்," என்றார் மாசிலாமணி சத்தமாக. "துண்டு வந்தது. நான்தான் மறைச்சேன்."

"இவன் பொய் சொல்றான்."

"நீ சும்மா இரு. நிக்கவே முடியலை, பேச வந்துட்டான்."

"என் துண்டு எங்கே இருந்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

யாரை நம்புவதென்று யாருக்கும் தெரியவில்லை. சபாநாயகர் நடுப்பலகையைப் பார்த்தார். சபையே பார்த்தது.

திலகவதி எழுந்தார்.

ஐயாக்கண்ணுவின் தடி கீழே விழுந்து கிடந்தது. அவர் மாசிலாமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாசிலாமணி சரிந்த ஊதாத் துண்டை எடுத்து அவர் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் திலகவதி. "அன்னைக்குக் கேண்டீன்ல என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களே. பதில் இன்னும் வேணுமா?"

மாசிலாமணி யோசித்தார்.

"என்ன கேட்டேன்னு மறந்துபோச்சும்மா."