மூடுபனிக்குள் ஒரு மாணவி

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தெபோராள், சபை ஊழியக்காரியாகும் ஆசையில் இணையவழி இறையியல் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சிக்னல் கிடைப்பது மலை முகட்டில் மட்டும்தான். சாயங்காலம் வகுப்பு நேரத்தில் அங்கே மூடுபனி இறங்கிவிடும். பாறை கரையும், மரம் கரையும், கடைசியில் திரையில் அவளும் கரைந்துபோவாள்.

முதல்வர் ஞானசிகாமணி கறாரானவர். "முகம் தெரியாதவர் வகுப்பில் இல்லாதவர். தெபோராள், உனக்கு இது மூன்றாவது ஆப்சென்ட். பெயரை அடித்துவிடப்போகிறேன். மற்ற முப்பது பேரும் எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள், பார்!"

அந்த முகங்களை அவளும் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சரிங்க ஐயா. அவங்கள்ல ஒருத்தரை ஜெபம் பண்ணச் சொல்லுங்க. ஆமென் சொல்லிட்டுப் போயிடறேன்."

முதல்வர் பெருமையோடு ஒருவரை அழைத்தார். பதில் இல்லை. இன்னொருவரை அழைத்தார். முப்பது முகங்களும் கண் இமைக்காமல் புன்னகைத்துக்கொண்டே இருந்தன. அத்தனையும் கேமராவுக்கு முன்னால் நிறுத்திவைத்த புகைப்படங்கள்!

முதல்வர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீயே ஜெபம் பண்ணம்மா."

வெண்பனிக்குள்ளிருந்து அவள் குரல் எழுந்தது. அன்றைய வருகைப் பதிவேட்டில் அந்த ஒரு பெயர்தான் இருந்தது.