சாடிக்குள் போன விரல்

ஆவிச்சிபுரத்து ராஜா வீரசங்கருக்கு இரண்டே பலவீனங்கள். ஒன்று, சம்பந்தி முன்னால் பெருமையடிப்பது. இன்னொன்று, ஊறுகாய். அந்த வருடம் இரண்டும் கைகோத்துக்கொண்டன.

கப்பலில் வந்த விதையைப் போட்டதில் அரண்மனைத் தோட்டத்தில் சீமைத் தக்காளி காய்த்துக் குலுங்கியது. பழுக்கிற நேரம் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது. சமையற்கட்டுத் தலைவி வெள்ளையம்மாள் யோசிக்கவே இல்லை. அத்தனையையும் பச்சைக் காயாகப் பறித்து ஊறுகாய் போட்டுவிட்டாள். ராஜா ஒரு துண்டை வாயில் போட்டார், கண்ணை மூடினார், சம்பந்திக்கு ஓலை அனுப்பிவிட்டார். "கார்த்திகைக்கு விருந்துக்கு வாரும். உம்முடைய ஏழு தலைமுறையும் தின்னாத ஊறுகாய் காத்திருக்கிறது."

எங்கே காத்திருந்தது? பத்தே நாளில் சாடி நிறைய வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம் பூத்துவிட்டது. இரண்டாவது சாடி போட்டாள். அதுவும் பூத்தது.

பிரதானி சங்கிலியப்பருக்குச் சமையல் தெரிந்த மச்சினன் ஒருவன் வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தான். அவர் சபையில் மெல்ல எடுத்துவிட்டார். "அந்தம்மாவுக்குக் கைப்பக்குவம் போயிடுச்சு மகாராஜா. எனக்குத் தெரிஞ்சு ஒரு பையன்..."

"மூணாவது சாடியும் கெட்டுதுன்னா, கெடுத்த கையை நாடு கடத்திடுவேன்!" என்று ராஜா வெள்ளையம்மாளைப் பார்த்துக் கர்ஜித்தார்.

பாவம், அவள் நேராக நன்னியப்பனிடம் ஓடினாள். ராஜாவைச் சிரிக்கவைக்கச் சம்பளம் வாங்குகிறவன் நன்னியப்பன். அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. அவள் கையால் இருபது வருடம் சாப்பிட்டவனாயிற்றே.

"ஈரக்கை படாம ஊறுகாய் பூக்காது தம்பி," என்றாள் அவள். "சாடி வாயில துணியை வேடு கட்டி நான் ரெட்டை முடிச்சுப் போடுறேன். காலையில பார்த்தா ஒத்தை முடிச்சா இருக்கு. நம்ம அரண்மனையில யாருப்பா அது?"

யாரென்று நன்னியப்பனுக்குச் சந்தேகமே இல்லை. சங்கிலியப்பர்தான், வேறு யார்?

"இந்தத் தடவை உப்போட மஞ்சளையும் அள்ளிப் போடுங்கக்கா. ஒத்தை முடிச்சைப் பார்த்ததும் ஓடி வந்து சொல்லுங்க."

மூன்றாம் நாள் காலையிலேயே வந்து சொன்னாள். "நல்லவேளை, மேலாப்புல கொஞ்சம் அள்ளிக் கொட்டிட்டா மிச்சம் தப்பிச்சிடும்," என்றும் சொன்னாள்.

நன்னியப்பன் வெற்றிலைத் தட்டும் சுண்ணாம்புக் கிண்ணமுமாகச் சபைக்குள் நுழைந்தான். "மகாராஜா, சம்பந்தி ஊர்ல யாரும் மடிச்ச வெத்தலையைத் தொடுறதில்லையாம். அவரவர் விரலாலதான் சுண்ணாம்பு தடவிக்கிறாங்களாம். அவங்க வந்து நம்மைக் கேலி பண்ணுறதுக்குள்ள நம்ம ஆளுங்களும் பழகிக்கட்டுமே!"

"பழகுங்க, பழகுங்க!" என்றார் ராஜா.

தட்டு முதலில் பிரதானியிடம் போனது. நன்னியப்பன் அவர் விரலையே பார்த்தான். சங்கிலியப்பர் சுண்ணாம்பைத் தொட்டார், தடவினார், மென்றார். விரல் வெள்ளை வெளேரென்று இருந்தது. தளபதி விரலும் வெள்ளை. ஜோசியர் விரலும் வெள்ளை. சபை முழுக்கச் சுற்றியும் ஒரு விரல் சிவக்கவில்லை. நன்னியப்பன் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இனி வெள்ளையம்மாளை எதைச் சொல்லிக் காப்பாற்றுவது?

"ஏனய்யா, நான் மட்டும் சம்பந்தி முன்னால திருதிருன்னு முழிக்கணுமா? கொண்டா இங்கே!" என்று ராஜா விரலைக் கிண்ணத்துக்குள் விட்டார். எடுத்தார். அலறினார்.

"ரத்தம்! கூப்பிடுங்கய்யா வைத்தியரை!"

"ரத்தமில்லை மகாராஜா, ஊறுகாய் மஞ்சள்! சுண்ணாம்பு பட்டுச் சிவந்திருக்கு!" என்று வாசலில் நின்ற வெள்ளையம்மாள் கத்திவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டுமா? சபை மொத்தமும் தரையைப் பார்த்தது.

ராஜா விரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "குளிச்சிட்டுப் பூஜைக்குப் போற வழியில... ஒரே ஒரு துண்டு. ருசி பார்க்கிறது தப்பா?"

"ஈரக்கை மகாராஜா," என்றாள் வெள்ளையம்மாள்.

ராஜாவின் முகம் சட்டென்று இறுகியது. "நன்னியப்பா, தட்டைக் கொண்டுவந்தவன் நீ. கெடுத்த கையை நாடு கடத்துவேன்னு சபையில நான் சொன்னது வாக்கு. இப்போ என்ன செய்யணும்? நீயே சொல்லு."

நன்னியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மானுக்கு விரித்த வலையில், வேட்டைக்குக் கூட்டிவந்த ராஜாவே விழுந்துகிடந்தார். வாக்கு தப்பியது என்று சொன்னால் ராஜாவுக்கு அவமானம். ராஜா குற்றவாளி என்று சொன்னால் தன் தலை போகும். பேசாமல் இருந்தாலோ வெள்ளையம்மாள்தான் மூட்டை கட்டவேண்டும்.

"வாக்கு வாக்குதான் மகாராஜா," என்றான். "அந்தக் கையை நாடு கடத்தியே ஆகணும்."

தளபதி வாளில் கை வைத்தார்.

"எந்த நாட்டிலிருந்துன்னு நீங்க சொல்லலையே? அது தப்புப் பண்ணினது சாடிக்குள்ள. சாடியிலிருந்து கடத்திடுவோம். ஆயுசுக்கும் அந்த எல்லையை அது மிதிக்கக் கூடாது."

ராஜா பதறிப்போனார். "அப்போ எனக்கு ஊறுகாய்?"

"தண்டனை கைக்குத்தானே? நாக்கு என்ன பாவம் பண்ணுச்சு? அது கேட்கிறப்பல்லாம் காஞ்ச அகப்பையால எடுத்து இலையில வைக்க ஓர் ஆள் வேணும். அதனால வெள்ளையம்மாக்கா எங்கேயும் போக முடியாது."

ராஜா முதலில் முறைத்தார். பிறகு மீசை துடித்தது. பிறகு சிம்மாசனமே ஆடுகிறமாதிரி சிரித்தார். வெள்ளையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சினனை நினைத்துச் சங்கிலியப்பர் மட்டும் பெருமூச்சு விட்டார்.

"பிழைச்சேடா! என்ன பரிசு வேணும், கேள்!"

"பெரிசா ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. அந்தச் சாடியில பாதி."

ராஜாவின் சிரிப்பு நின்றது. சிவந்த விரலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"பத்து வேலி நஞ்சை நிலம் எழுதித் தர்றேன். பேசாம வாங்கிட்டுப் போயிடு."