கட்டத்தில் வராத பெண்

வெள்ளாற்றுமேட்டில் பஞ்சாட்சரம், நல்லசிவம், கோமதிநாயகம் என்று மூன்று பேர் கூட்டாகக் கல்யாணத் தகவல் நிலையம் நடத்தினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். புத்தி எவ்வளவு என்று கேட்காதீர்கள். அதையும் பங்கு போட்டுத்தான் வைத்திருந்தார்கள்.

பெண்ணின் பெயரைத் தட்டினால் ஊர், படிப்பு, நட்சத்திரம் எல்லாம் வரும். ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் போட்டோ வரும். அன்று காலை எந்தப் பெண்ணைத் தட்டினாலும் கட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறிதான் வந்தது.

"எல்லாப் பொண்ணும் தப்புன்னு போடுதே!" என்று பதறினார் பஞ்சாட்சரம். மாப்பிள்ளை வீட்டார் இங்கே வரக் கிளம்பிவிட்டார்கள். போட்டோ பார்க்காமல் பேச்சே கிடையாது என்று மாப்பிள்ளையின் அம்மா முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள்.

கம்ப்யூட்டரில் இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த டெல்பின் மேரிக்குப் போன் போட்டார்கள்.

"மொதல்ல விண்டோவை மூடிட்டுத் திறங்க சார்."

அறையில் இரண்டு ஜன்னல். எதைச் சொல்கிறாள் என்று ஆலோசித்தார்கள். "கம்ப்யூட்டருக்குக் காத்து வர்ற பக்கம்தான்" என்றார் நல்லசிவம். மூடித் திறந்தார்கள். பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. போட்டோ வரவில்லை.

"எதையாவது இடம் மாத்துனீங்களா?"

"ஆமா மேடம், நேத்துதான்!"

"அதான் கோளாறு. இருந்த இடத்துலயே திருப்பி வைங்க."

வாஸ்துவுக்காகக் கிழக்குச் சுவருக்கு மாற்றிய மேஜையை மூவரும் மூச்சுமுட்டத் தெற்குச் சுவருக்கே இழுத்தார்கள். வயர் பிடுங்கிக்கொண்டது.

"மேடம், பெருக்கல் குறி போயிடுச்சு!"

"அப்பாடா! பொண்ணு தெரியுதா?"

"பொண்ணுங்களும் போயிட்டாங்க."

வயரைச் செருகச் சொல்லிவிட்டு, அவள் பொறுமையாகச் சொன்னாள்: "பாதை தப்பா இருக்கும் சார். போட்டோ இருக்கிற இடத்துக்குச் சரியான பாதையைக் காட்டுங்க."

கோமதிநாயகம் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். "இதோ பாருப்பா, நேரா போயி இடது கைப் பக்கம் திரும்பினா பீரோ. மேல்தட்டு."

காத்திருந்தார்கள். அது அசையவில்லை.

"நாம இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா எப்படிப் போகும்?" என்றார் நல்லசிவம். மூவரும் முதுகைக் காட்டி நின்றார்கள்.

டெல்பின் மேரியின் குரல் தளர்ந்துவிட்டது. "படம் பெரிசா இருந்தாலும் வராது சார். சின்னதாக்கி, அந்தக் கட்டத்துல ஒட்டிப் பாருங்க." போனை வைத்துவிட்டாள்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கலாம்ல!" என்ற பஞ்சாட்சரம், பீரோவில் கைக்கு அகப்பட்ட போட்டோவை எடுத்துக் கத்தரித்துப் பசை தடவி, திரையில் கட்டத்தின் மேலேயே ஒட்டினார். கச்சிதம்! அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் ஒவ்வொரு பெண்ணாகத் தட்டினார். ஊர் மாறியது, படிப்பு மாறியது, நட்சத்திரம் மாறியது.

"எனக்கு நாலாவது பொண்ணுதான்" என்றான் மாப்பிள்ளை.

"அவ முகத்துல ஒரு திமிர் தெரியுதுடா. ஏழாவது பொண்ணைப் பாரு, என்ன சாந்தம்!"

"ஏழாவது சிரிக்கிறதே செயற்கையா இருக்கும்மா."

பேச்சு முற்றியது. அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள். நல்லசிவம் குறுக்கே ஓடினார். "சண்டை எதுக்கும்மா? ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்."

நல்லவேளை, ஒட்டிய போட்டோவில் இருந்த பெண்ணின் அப்பா அதில் இரண்டு பிரதி கொடுத்திருந்தார். இன்னொன்றையும் கத்தரித்துப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

மாப்பிள்ளை இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான். நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"நீ சொன்னதுதாம்மா சரி. ஏழாவது பொண்ணைப் பாத்து நாலாவது பொண்ணு அப்படியே காப்பியடிச்சிருக்கா!"